58:57க்குள் காணாமல் போன பதினேழு றீபவுண்ட்

போன சனிக்கிழமை பின்னேரம் தொடங்கிய எரிச்சல் இன்னும் ஆறவில்லை. எழுதித் தொலைத்தால்தான் சோறு இறங்கும் போல இருக்கிறது.

இரண்டு கூடைப்பந்துக் கழகங்கள். பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டும் மோதினால் மதிலேறியாவது பார்க்க ஆள் வரும். அண்ணன் ஒரு கழகம், தம்பி மற்றக் கழகம், ஆட்டம் முடிந்தால் இரண்டு நாளைக்கு ஒரே மேசையில் சாப்பாடில்லை என்கிற வீடுகளும் எனக்குத் தெரியும். முடிவு 58:57. வென்றது நாங்கள். வென்ற பிறகும் ஏன் கத்துகிறாய் என்றால், கேளுங்கள்.

அடுத்த நாள் காலை பேஸ்புக்கில் போஸ்ரர். நடுவில் எங்கள் 9ஆம் இலக்கக்காரன், பின்னால் நெருப்பு, இரண்டு பக்கமும் சிங்கம். 'ஆட்டநாயகன், 22 புள்ளிகள்.' பத்திரிகையில் நாலு வரி, அதிலும் அதே 22. அக்காவின் மகன் 14ஆம் இலக்கம். குழுப் படத்தில் அவனுடைய பாதி முகத்தைக் கிண்ணம் மறைத்துவிட்டது. அவனைப் பற்றி வந்த செய்தி அவ்வளவுதான்.

நான் அன்று கோட்டோரம் சீ.ஆர். கொப்பியோடு இருந்தேன். விளையாடிய காலத்துப் பழக்கம், விட முடியவில்லை. 9ஆம் இலக்கம் கூடையை நோக்கி எறிந்தது 29 தடவை, விழுந்தது 9. பிறீ த்ரோ, அதாவது எதிரணி பவுல் செய்தால் கிடைக்கும் மறிப்பில்லாத எறி, ஆறில் இரண்டு. றீபவுண்ட் (விழாமல் தெறித்த பந்தைப் பிடிப்பது) மூன்று, அசிஸ்ற் (கூடை போடுகிறவனுக்குப் பந்து கொடுப்பது) ஒன்று, பந்தைப் பறிகொடுத்தது ஐந்து தரம். 14ஆம் இலக்கம் மூன்றே மூன்று தடவைதான் எறிந்தான், இரண்டு விழுந்தது, நாலு புள்ளி. ஆனால் 17 றீபவுண்ட், ஐந்து அசிஸ்ற், மூன்று தரம் பந்தைப் பறித்தான், இரண்டு புளொக் (எதிராளியின் எறியைக் கையால் தடுப்பது), பறிகொடுத்தது இரண்டு.

இதை நிறுக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. புள்ளி, றீபவுண்ட், அசிஸ்ற், பறிப்பு, புளொக் எல்லாவற்றையும் கூட்டி, தவறிய எறிகளையும் பறிகொடுத்ததையும் கழிப்பது. 14க்கு 28 வந்தது. ஆட்டநாயகனுக்கு 26இல் 29 போக, மைனஸ் மூன்று. நெருப்பும் சிங்கமும் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள். பெடியன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் எறியச் சொன்னார்கள், எறிந்தான்.

கோபம் புள்ளி எழுதுகிற மேசை மேல்தான். கடைசி எட்டு செக்கன், ஒரு புள்ளி முன்னுக்கு நிற்கிறோம். பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டி வந்தவனின் கையில் எங்கள் ஆள் அடித்தான், விசில். பலகையில் எங்கள் அணிக்கு அந்தக் காற்பகுதியில் நாலாவது பவுல். மேசையில் எழுதும் தாளில், அதாவது ஸ்கோர் சீற்றில், ஐந்தாவது. நாலு என்றால் பந்து பக்கக் கோட்டுக்கு வெளியிலிருந்து வரும், ஐந்து என்றால் இரண்டு பிறீ த்ரோ. ஆட்டமே அதில் தொங்குகிறது. ஸ்கோர் சீற்றில் ஒவ்வொரு காற்பகுதிக்கும் அணிப் பவுலுக்கென்றே நாலு கட்டம் போட்டிருக்கிறது. பவுல் விழுந்தால் ஒரு கட்டத்தை வெட்ட வேண்டும். பனங்கிழங்கு உரிக்கிறதைவிடச் சுலபமான வேலை. ஆனால் அந்தக் கதிரையில் இருந்தவருக்கு மூன்றாம் காற்பகுதி முழுக்க வட்ஸ்அப்பில் அவசர அலுவல். அந்தப் பகுதியைச் சிவப்புப் பேனையால் எழுத வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் எல்லாம் நீலத்தில் கிடந்தது. பதினைந்து நிமிடம் வாய்த்தர்க்கம். ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடைசியில் இரண்டு பிறீ த்ரோ கொடுத்தார்கள். இரண்டும் வளையத்தில் பட்டுத் தெறித்தன. இரண்டாவதை ஆறு கைகளுக்கு நடுவே பாய்ந்து பிடித்து, முழங்கையை விரித்து, மணி அடிக்கும் வரை கட்டிப்பிடித்து நின்றது 14. பதினேழாவது றீபவுண்ட். எங்களை வெல்ல வைத்தது அது. தாளில் அதற்கு ஒரு புள்ளிக்குறிகூட இல்லை.

இருக்கவும் முடியாது. அந்தத் தாளில் கூடை விழுந்தால் சாய்கோடு, பிறீ த்ரோவுக்குக் கறுத்த வட்டம், மூன்று புள்ளி என்றால் இலக்கத்தைச் சுற்றி வட்டம், அப்புறம் பவுல். றீபவுண்டுக்கு அதில் இடமே இல்லை. அதை எழுத வேறு தாளும் வேறு ஆளும் வேண்டும். கேட்டால் "ஆளில்லை அண்ணை, காசில்லை" என்கிறார்கள். சிங்கம் போட்ட போஸ்ரருக்கு மட்டும் காசிருந்தது.

எழுதாவிட்டால் என்ன நடக்கும்? பில் ரஸல் 13 பருவம் ஆடி 11 தடவை என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர்) கிண்ணம் வென்றவர், புளொக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். எத்தனை புளொக் என்று கேட்டால் பதில் கிடையாது. அவர் 1969இல் ஓய்வு பெற்றார், புளொக்கை அங்கே எண்ணத் தொடங்கியதே 1973இல்தான். வில்ட் சேம்பர்லெய்ன் 1962 மார்ச் 2இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தாரே, அதற்கு வீடியோவே இல்லை. ஆனாலும் 63 எறியில் 36, பிறீ த்ரோ 32இல் 28 என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. மேசையில் ஒருவர் ஒழுங்காக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

அமெரிக்காவை விடுவோம். இலங்கை அணிக்கு ஆடிய எங்கள் தர்ஜினி சிவலிங்கம் 2019 வலைப்பந்து உலகக் கிண்ணத்தில் போட்ட கோல் 348 என்று எங்களுக்குத் தெரிவது, லிவர்பூலில் ஒருவர் எண்ணியதால். வடக்கின் பெரும் சமர் என்கிற பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டத்தில் ஒவ்வொரு பந்துக்கும் கொப்பியில் குறி விழும், ஓட்டமில்லாத பந்துக்கும் ஒரு குற்று உண்டு. கூடைப்பந்து மட்டும் என்ன பாவம் செய்தது?

மருமகனிடம் சொன்னால் சிரிக்கிறான். "விடுங்கோ மாமா, வெண்டது காணும்." காணாது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும்போது முதல் கேள்வி "எத்தினை பொயின்ற்ஸ் அடிச்சவன்?" என்பதுதான். நாலு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

வருகிற சனிக்கிழமை இதே இரண்டு கழகமும் திரும்ப மோதுகின்றன. புதுச் சீ.ஆர். கொப்பி ஒன்றும் சிவப்புப் பேனை இரண்டும் வாங்கி வைத்துவிட்டேன். மேசைப் பக்கம் கதிரை தராவிட்டால், கிணற்றடி வாளியைக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்து இருப்பேன்.