(நல்லையா, 2023)

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட ஒரு தட்டச்சு, போட்டோக்கொப்பி, பைண்டிங் கடை. இரவு எட்டு மணி. சுவரோரம் கறுப்பு அட்டை போட்ட ஆய்வேடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை காய்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பாரமாக மேலே ஒரு அம்மிக்குழவி. கடைக்கார அண்ணை கதவைப் பாதி சாத்திவிட்டார். மிச்சப் பாதியால் ஒரு பெடியன் தலையை நீட்டுகிறான்.

பெடியன்: அண்ணை, பூட்டப் போறியளோ?

அண்ணை: பூட்டினால் தட்டுவீர். வாரும். எத்தினை பக்கம்?

பெடியன்: எழுபத்தெட்டு. மூண்டு கொப்பி. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. நாளைக்குப் பத்து மணிக்குக் குடுக்கவேணும்.

அண்ணை: உங்கட கம்பஸில ஒருத்தருக்கும் நாளண்டைக்கு எண்டு ஒரு நாள் இல்லையோ? பென்ரைவைத் தாரும். (திறந்து வாசிக்கிறார்.) ‘கோப்பாய்ப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்றுச் செறிவு.’ ம்… நல்ல தலைப்பு. தம்பி, ஆர் உந்த நிறுவனம்?

பெடியன்: எந்த நிறுவனம்?

அண்ணை: அதைத்தான் நானும் கேக்கிறன். ‘குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது (நிறுவனம், 2017).’ சீட்டுப் பிடிக்கிற நிறுவனமோ?

பெடியன்: உலக சுகாதார நிறுவனம் அண்ணை. சைற்றேசன், அதுதான் உந்த அடைப்புக்குறிச் சான்றுகள், போடுற சோட்டேரோ சொஃப்ட்வெயர் அப்பிடிப் போட்டிட்டுது.

அண்ணை: அது தன்ரபாட்டில ஒண்டும் போடாது. நீர் குடுத்ததைத்தான் போடும். பேர் எழுத இரண்டு பெட்டி இருக்கே, அதில என்ன செய்தனீர்?

பெடியன்: துவக்கத்தில பேரைப் பேர் மாதிரி இடப்பக்கமிருந்து அடிச்சுக்கொண்டு போனனான். பேந்து சேர் சொன்னார், முதல் பெட்டி லாஸ்ட் நேமுக்கு எண்டு. அதுக்குப் பிறகு கடைசிச் சொல்லை எடுத்து முதல் பெட்டியில போட்டன்.

அண்ணை: அப்ப முதல் பாதி ஒரு மதம், மிச்சப் பாதி வேற மதம். நிறுவனம் எண்டவருக்கு ‘உலக சுகாதார’ எண்டு முதற்பேரும் வைச்சிருக்கிறீர். ஞானஸ்நானமும் குடுத்தனீரோ?

பெடியன்: பாத்தனான் அண்ணை. வேர்டில பதினேழு இடத்தில கையால திருத்தினனான். பேந்து புதுசா ஒரு சைற்றேசன் சேக்கேக்க அது ஏதோ கேட்டுது. நான் ‘நோ’ எண்டு அமத்தினன். பதினேழும் பழையபடி நிறுவனம்.

அண்ணை: ‘ஏதோ’ இல்லைத் தம்பி. ‘நீங்கள் இதைக் கையால மாத்தியிருக்கிறியள், மாத்தினதை அப்பிடியே வைச்சிருக்கவோ’ எண்டு மரியாதையாக் கேட்டது. நீர் வேண்டாம் எண்டனீர். ‘ஓம்’ எண்டிருந்தாலும் கரைச்சல்தான். அந்தப் பதினேழும் அதுக்குப் பிறகு சோட்டேரோவின்ர சொல்லுக் கேக்காது. இந்தச் சைற்றேசனைச் சும்மா எழுத்தெண்டு நினையாதேயும். கேர்சரைக் கொண்டுபோய் வைச்சுப் பாரும், சாம்பல் நிறமா மாறுதல்லோ? அது கயிறு கட்டின வாளி. கயிற்றின்ர மற்றத் தலைப்பு சோட்டேரோவுக்குள்ள. வாளிக்குப் பெயின்ற் அடிச்சுத் தண்ணியை மாத்தேலாது.

பெடியன்: அப்ப எங்க திருத்துறது?

அண்ணை: கிணத்தில. (சோட்டேரோவைத் திறக்கிறார்.) இந்தா, உம்மட நிறுவனத்தார். பேருக்குப் பக்கத்தில சின்னனா ஒரு பட்டன் தெரியுதோ? அமத்தினால் இரண்டு பெட்டியும் ஒரு பெட்டியாகும். இப்ப முழுப் பேரையும் ஒரே இழுவையில அடியும்… ‘உலக சுகாதார நிறுவனம்’. வேர்டுக்குப் போய் ‘றிஃப்றெஷ்’. பாரும்.

(பதினேழு இடமும் ஒரே மூச்சில் திருந்துகின்றன. பெடியன் திரையைக் கும்பிடாத குறை.)

பெடியன்: கை ஒடிய ஒடிய அடிச்சனே, கடவுளே.

அண்ணை: இது பரவாயில்லை. போன மாசம் தமிழ் படிக்கிற பிள்ளை ஒண்டு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ‘கார்த்திகேசு கூறுவது போல’, ‘கனகசபாபதியின் கருத்துப்படி’. ஆர் பிள்ளை உவையெண்டு கேட்டால், சிவத்தம்பியும் கைலாசபதியுமாம்! 1974இல கம்பஸ் துவங்கேக்க முதல் தலைவரா இருந்த கைலாசபதி! கரவெட்டியில பிறந்த பேராசிரியர் சிவத்தம்பி! இரண்டு பேரின்ர தகப்பன்மாரும் திண்ணையில இருந்து மார்க்சியத் திறனாய்வு கதைச்சமாதிரிக் கிடந்தது அந்த ஆய்வேடு.

பெடியன்: சோட்டேரோவுக்கு அது விளங்காதே?

அண்ணை: எப்பிடி விளங்கும்? 2006இல அமெரிக்காவில, ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில செய்துவிட்டது. அங்க ஆளுக்கொரு குடும்பப்பேர் இருக்கு. எங்களுக்கு எங்க குடும்பப்பேர்? தகப்பன்ர பேரை முன்னுக்கு வைச்சுக்கொண்டு திரியிறம். அது சதமும் வாங்காமல் வேலை செய்யுது, அதோட எங்கட பரம்பரையையும் படிக்கச் சொல்லேலுமே? (அடுத்த பக்கம்.) இதென்ன, பாதிப் பந்தி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு?

பெடியன்: அது… பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்ச பைலில இருந்து எடுத்துப் போட்டது அண்ணை. சீனியர் ஒராள் தந்தவர்.

அண்ணை: அந்தச் சீனியருக்குச் சைற்றேசன் போட்டனீரோ?

(மின்விசிறிச் சத்தம் மட்டும்.)

அண்ணை: போடும். இல்லாட்டி உம்மட சொல்லில திருப்பி எழுதி, அதுக்கும் போடும். அவற்ற ஆய்வேட்டுக்கும் நான்தான் அட்டை கட்டினனான். தங்க எழுத்துக்காசு இன்னும் தரேல்லை.

பெடியன்: போடுறன். அண்ணை, இன்னொண்டு. துலாக் கிணறு பற்றி அம்மப்பா சொன்னதை இரண்டாம் அத்தியாயத்தில சேர்த்தனான். ஒரு நேர்காணலுமில்லை, தேத்தண்ணி குடிக்கேக்க சொன்னது. உள்ளுக்க அவற்ற பேர் கிடக்கு, கடைசிப் பட்டியலில காணேல்லை. மனிசன் மூண்டு நாளாக் கதைக்கிறேல்லை.

அண்ணை: ஏபிஏ எண்ட சான்று காட்டுற முறையெண்டால் அப்பிடித்தான். வாயால சொன்னதை வேற ஒருத்தரும் தேடி எடுத்துப் பாக்கேலாதல்லோ? அதால பந்திக்குள்ள ‘தனிப்பட்ட தொடர்பு’ எண்டு திகதியோட வரும், பட்டியலுக்க வராது.

பெடியன்: கலியாணத்துக்கு வா, படத்துக்கு நிக்காதே எண்டமாதிரி இருக்காம்.

அண்ணை: நன்றியுரையில முதல் பேராப் போட்டுவிடும். அதை ஒரு சொஃப்ட்வெயரும் தடுக்காது. (திரையில் பக்கங்களை உருட்டிக்கொண்டு போனவர் நிற்கிறார்.) தம்பி. ‘வெங்காயச் செய்கையில் பரிந்துரைத்த அளவுக்கு மேல் யூரியா இடுவதே கிணற்று நீர் கெடுவதற்குக் காரணம் (நல்லையா, 2023).’ இவர் நல்ல துணிஞ்ச மனிசன். மூண்டு இடத்தில வாறார். ஆர் இந்த நல்லையா?

பெடியன்: (மெதுவாக) அது நான்தான் அண்ணை. போன முறை ஆய்வரங்குக்கு எழுதின சுருக்கம். நல்லையா கோகுலன். முதல் பாதியில இடப்பக்கமிருந்து அடிச்சனெல்லே…

அண்ணை: அப்ப நல்லையா?

பெடியன்: அப்பா.

அண்ணை: அவர் என்ன செய்யிறார்?

பெடியன்: கோப்பாயில வெங்காயம்.

அண்ணை: யூரியா?

பெடியன்: மூடைக்கணக்கில. அடியில முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, மேல போடுறது மழையோட நேர கிணத்துக்குத்தான் போகும் எண்டு எத்தினை தரம் சொல்லிட்டன். எங்கட கிணறுதான் என்ர முதல் மாதிரி. 50ஐத் தாண்டி எங்கயோ போட்டுது. ‘நீ நேற்றுப் பெய்த மழைக்கு இண்டைக்கு முளைச்சனி’ எண்டுறார்.

(அண்ணை சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மேசையில் தட்டுகிறார். பெடியனின் போன் அடிக்கிறது.)

பெடியன்: அப்பா… கடையிலதான் நிக்கிறன்… நாளைக்குக் காலமை லான்ட்மாஸ்டரோ? என்னத்துக்கு?… யூரியா ஏத்தவோ? எத்தினை மூடை?… மெத்தக் கூடவப்பா, பாதி காணும்… இல்லை, நான் சொல்லேல்லை. புத்தகத்தில கிடக்கு… ஆர் சொன்னதோ? (திரையைப் பார்க்கிறான். அண்ணையைப் பார்க்கிறான்.) நல்லையா எண்டு ஒருத்தர்… ஓம், நல்லையாதான்… 2023இல… கம்பஸில எல்லாரும் அவரைத்தான் காட்டுறவை… சரி. சரியப்பா.

அண்ணை: என்னவாம்?

பெடியன்: கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ‘பேரைப் பாத்தால் படிச்ச மனிசனாத் தெரியுது’ எண்டார். எங்க வேலை செய்யிறவராம், கேக்கிறார். புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டட்டாம்.

அண்ணை: (மவுஸில் கை வைத்து) இப்ப இதை மாத்தினால் ‘கோகுலன், ந.’ எண்டு ஒழுங்கா வரும். மாத்தவோ?

பெடியன்: மூண்டு கொப்பியல்லோ அண்ணை?

அண்ணை: மூண்டு.

பெடியன்: முதல் ஒண்டை இப்பிடியே அடியுங்கோ. வீட்டுக்கு. பேந்து திருத்தி இரண்டு.

அண்ணை: வீட்டுக் கொப்பிக்கும் தங்க எழுத்தோ?

பெடியன்: அதுக்குத்தான் கட்டாயம் தங்க எழுத்து.