ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

சென்ற வாரம் மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதினேன். 52-இல் 27 போனால் மீதி எத்தனை? வகுப்பில் பதினான்கு குழந்தைகள். பத்து நிமிடம் கழித்து நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் நான்கு விதமான விடைகள் இருந்தன: 25, 35, 26, 79. சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்றுக்குச் சரி, மற்ற மூன்றுக்கும் தவறு என்று போட்டுவிட்டால் என் வேலை முடிந்துவிடும். மதிப்பெண் பதிவேட்டிலும் ஏற்றிவிடலாம்.

பேனாவை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு குழந்தையாக என் பக்கத்தில் உட்காரவைத்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "இதை எப்படிக் கண்ணு போட்டாய்?"

35 என்று எழுதிய சிறுமி சொன்னாள்: "இரண்டிலிருந்து ஏழு போகாது டீச்சர். அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்தேன். ஐந்து." போகாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போகாதபோது என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. கையில் இருந்ததை வைத்து அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள்.

26 என்று எழுதிய பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அங்கே வரிசையாக 27 கோடுகள். 52-லிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே ஒவ்வொரு கோடாகப் போட்டிருக்கிறான். முதல் கோட்டை 51-க்குப் போடாமல் 52-க்கே போட்டுவிட்டான். அவ்வளவுதான் பிழை. கழித்தல் என்றால் என்ன என்று அந்த வகுப்பில் மிகத் தெளிவாகப் புரிந்துவைத்திருப்பவன் அவன்.

79 எழுதியவன் கூட்டிவிட்டான். "நேற்று கூட்டல்தானே டீச்சர் போட்டோம்" என்றான். கூட்டியதில் ஒரு பிழையும் இல்லை. குறியைப் பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

25 எழுதியவர்களில் ஒருவனை அழைத்தேன். ஐந்தை அடித்து நான்காக்கி, இரண்டின் பக்கத்தில் சின்னதாக ஒன்று போட்டு, முறைப்படி அழகாகச் செய்திருந்தான். "இந்தச் சின்ன ஒன்று எத்தனை?" என்று கேட்டேன். "ஒன்று" என்றான். "ஒன்றைக் கடன் வாங்கினால் இரண்டும் ஒன்றும் மூன்றுதானே ஆக வேண்டும், பன்னிரண்டு எப்படி வந்தது?" என்றேன். "பக்கத்தில் ஒன்று போட்டால் பன்னிரண்டு ஆகிவிடும் டீச்சர்" என்றான். அந்த ஒன்று ஒரு பத்து என்பது அவனுக்குத் தெரியாது. நான்கு பேரில் முழு மதிப்பெண் வாங்கியவன் இவன்தான். நான் அதிகம் கவலைப்படுவதும் இவனைப் பற்றித்தான். அடுத்த ஆண்டு 5003-இலிருந்து 1467-ஐக் கழிக்கச் சொல்லும்போது இந்த வித்தை கைகொடுக்காது. அப்போது யாரும் இங்கே திரும்பி வந்து பார்க்க மாட்டார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சின்னக் குழந்தைகளின் கணக்கறிவைச் சோதிப்பது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அதை எழுதத்தான் இந்தப் பதிவு. பத்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் விடையை மட்டும் பார்க்கும் சோதனை பாதிச் சோதனைகூட இல்லை. எதிரே உட்கார்ந்து, எப்படிப் போட்டாய் என்று கேட்டு, அது சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

எண்களை எழுதச் சொல்லும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். "நூற்று ஐந்து" என்று சொன்னால் 1005 என்று எழுதும் குழந்தைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். காதில் நூறு விழுகிறது, 100 எழுதுகிறது. ஐந்து விழுகிறது, பக்கத்தில் 5 எழுதுகிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதிய குழந்தை அது. நம் மொழியில் பதினொன்று, பன்னிரண்டு, இருபத்தொன்று என்று பத்தும் ஒன்றும் பெயருக்குள்ளேயே தெரிகின்றன. குழந்தைக்கு அது பெரிய வரம். ஆனால் எண்பத்தொன்பது தாண்டியதும் தொண்ணூறு வந்து நிற்கிறது. அதற்குள் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. தொண்ணூறு என்றதும் 900 எழுதும் பிள்ளை முட்டாளா? ஆங்கில வழிப் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு இதே தொல்லை செவன்டீன், செவன்டியில் வருகிறது. எண்ணே தெரியவில்லையா, எண்ணின் பெயர் குழப்புகிறதா? விடைத்தாளில் இரண்டும் ஒரே சிவப்புக் கோடுதான்.

ஜனவரி வந்தால் அசர் அறிக்கை வருகிறது, செய்தித்தாள்களில் தலைப்புகள் வருகின்றன, நாலு நாள் எல்லோரும் அரசுப் பள்ளி ஆசிரியர்களைத் திட்டுகிறார்கள். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்தும் ஆய்வு அது. கிராமப்புற வீடுகளுக்கே சென்று குழந்தைகளைத் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல், இவ்வளவுதான் கணக்குப் பகுதி. 2022 அறிக்கையில் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 25.9 சதவீதம் பேருக்குக் கழித்தல் வந்தது. 2024-இல் அது 33.7. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் 25.6-லிருந்து 30.7 ஆனார்கள். இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு தனியார் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைத் திட்டுகிறவர்கள் கவனிப்பதில்லை.

அந்த எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒருவர் குழந்தையின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கிய எண்கள் அவை. அந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் நாட்டின் நிலையைச் சொல்லும் எண் என் வகுப்பில் நாளைக் காலை எதை நடத்துவது என்று சொல்லாது. கழித்தல் வராத பிள்ளைகளில் எத்தனை பேர் 35 எழுதுகிறவர்கள், எத்தனை பேர் 26 எழுதுகிறவர்கள்? இருவருக்கும் வேறு வேறு பாடம் நடத்த வேண்டுமே!

இன்னொன்றும் இருக்கிறது. தாளில் வராத கணக்கு தலைக்குள் இருக்கலாம்.

பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரத்தில் தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து 1980-களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு தேங்காய் 35 என்றால் நான்கு தேங்காய் எவ்வளவு என்று விற்கும் இடத்திலேயே கேட்டபோது பன்னிரண்டு வயதுப் பிள்ளை மனக்கணக்காகவே 140 என்று சரியாகச் சொன்னது. அதே பிள்ளையிடம் தாளைக் கொடுத்து 35-ஐ 4-ஆல் பெருக்கச் சொன்னார்கள். 200 என்று எழுதியது! மீதியாக வந்த இரண்டை மூன்றோடு முதலில் கூட்டி ஐந்தாக்கி, பிறகு நான்கால் பெருக்கியிருந்தது. அந்த ஐவரும் வியாபாரத்தின்போது 98 சதவீதம் கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னார்கள். அதே எண்கள் வெறும் கணக்காக வந்தபோது 37 சதவீதம்தான் சரி. நம் நாட்டிலும் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். பாடப்புத்தகக் கணக்கை நன்றாகப் போட்ட பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டாவது செய்திதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இதைப் படிப்பதற்கு முன்பே எனக்கு ஒரு பூக்காரப் பையன் கற்றுக்கொடுத்திருந்தான். நான்காம் வகுப்பு. மாலையில் அம்மாவோடு கோயில் வாசலில் உட்காருவான். ஒரு முழம் முப்பது ரூபாய் என்றால் மூன்றரை முழம் எவ்வளவு என்று கேட்டால் நொடியில் 105 என்பான். இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் "நூற்றைந்து, நூற்றுப்பத்து, நூற்றைம்பது, இருநூறு" என்று ஏறுவரிசையில் சொல்லிக்கொண்டே 95 ரூபாயை எண்ணி வைப்பான். வகுப்பில் 200-இலிருந்து 105-ஐக் கழிக்கச் சொன்னேன். தாளில் எழுதிய விடை 105. பூஜ்யத்திலிருந்து ஐந்து போகாது, அதனால் ஐந்து. அதே பழைய வழி. நான் தவறு என்று சொல்லவில்லை. "இருநூறு கொடுத்தவருக்கு மூன்றரை முழம் பூவும் கொடுத்து 105 ரூபாயும் திருப்பிக் கொடுப்பாயா?" என்று கேட்டேன். ஒரு கணம் விழித்தான். பிறகு "அம்மா அடிக்கும் டீச்சர்" என்று சிரித்துவிட்டு, விடையை அடித்துத் திருத்தினான். தான் எழுதிய விடை நியாயமா என்று கேட்டுக்கொள்ளலாம் என்பதே அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கோயில் வாசலில் அவனுக்கு இருந்த அறிவைப் பள்ளி வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரச் சொன்னது யார்? நாம்தான்.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வருகிறது.

ஒரு பக்கம், தேர்வு வைத்துப் பெயிலாக்கினால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்பவர்கள். 2019 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில், நடப்பதற்கு முன்பே, அதைக் கைவிட்டார்கள். இடையில் இருந்த அந்தச் சில மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில்கூட விளையாடப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பெண் குழந்தை கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டது. பயந்த குழந்தை தனக்குத் தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. பக்கத்து நோட்டைப் பார்த்து 25 என்று எழுதிவிடும். எனக்கு வேண்டியது அதன் 35. அதை நான் பார்க்காமல் போனால் எதைத் திருத்துவது?

மறுபக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம், தானாக வரும் என்பவர்கள். இவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தானாக வராது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டியிருந்தால் அது கொடுமை. எதுவரை தெரியும் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டியிருந்தது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்தபோது, அடிப்படை எண்ணம் சரி என்று நான் மகிழ்ந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் எந்தத் திட்டமானாலும், குழந்தை எங்கே நிற்கிறது என்பதை நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லிக் கண்டுபிடிக்கப் பார்த்தால் அங்கேயே சறுக்கும். நான்கில் ஒன்று குருட்டாம்போக்கிலேயே சரியாகிவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐந்து வகுப்புகளை இரண்டே பேர் பார்க்கும் பள்ளிகள் எத்தனை! நானும் அப்படிப்பட்ட பள்ளியில் இருந்திருக்கிறேன். என் கணக்கைச் சொல்கிறேன். முப்பது பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் 150 நிமிடம். ஒரு நாளைக்கு ஆறு பிள்ளைகள் என்றால் அரை மணி நேரம், ஐந்து நாளில் முடிந்துவிடும். பருவத்துக்கு ஒரு முறை இந்த ஒரு வாரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். அந்த வாரம் பதிவேற்றம் வேண்டாம், புள்ளிவிவரம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். மதிப்பெண்ணும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என் நோட்டில் "பின்னோக்கி எண்ணும்போது ஒன்று தவறுகிறது", "பூஜ்யம் வந்தால் தடுமாற்றம்", "ஏழாம் வாய்ப்பாடு முதலிலிருந்து சொன்னால்தான் வருகிறது" என்றுதான் இருக்கும். இது மேலதிகாரி பார்த்து நட்சத்திரம் போடும் நோட்டு அல்ல. நாளைக்கு யாரோடு எதற்காக உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லும் நோட்டு.

வாய்ப்பாடு என்றதும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. பத்து வரை வாய்ப்பாடு நாக்கில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று" என்று பிள்ளை பாடி முடித்ததும் கைதட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். "ஏழேழு நாற்பத்தொன்பது தெரியும், எட்டேழு மறந்துவிட்டது, என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். இன்னும் ஒரு ஏழைச் சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லும் பிள்ளைக்குப் பெருக்கல் தெரியும். மறுபடி ஓரேழிலிருந்து பாடத் தொடங்கும் பிள்ளைக்குப் பாட்டுத்தான் தெரியும். மதிப்பெண் அட்டையில் இருவருக்கும் நூற்றுக்கு நூறு இருக்கலாம்.

35 எழுதிய சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் அவளைத் தனியாக அழைத்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஐந்து ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கொடுத்தேன். எத்தனை என்றேன். ஐம்பத்திரண்டு என்றாள். எனக்கு இருபத்தேழு வேண்டும் என்று கையை நீட்டினேன். இரண்டு கட்டுகளை எடுத்து உடனே வைத்தாள். இன்னும் ஏழு கொடுக்க வேண்டும். தன் முன்னால் கிடந்த இரண்டு குச்சிகளைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கட்டுகளைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, அது எவ்வளவு கடினம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிறகு மிகவும் மெல்லிய குரலில், ஏதோ செய்யக்கூடாததைச் செய்ய அனுமதி கேட்பதுபோல் கேட்டாள்:

"டீச்சர், இந்தக் கட்டைப் பிரிக்கலாமா?"