கண்ணாடி மரமும் செட்டிநாட்டுத் தேக்குத் தூண்களும்

சுவீடன் விஞ்ஞானிகள் பழைய பர்மா தேக்கைக் கண்ணாடியாக மாற்றுவதாகவும், அதற்காகச் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களுக்கு வெளிநாட்டில் பெரும் விலை கிடைப்பதாகவும் காரைக்குடி வட்டாரத்தில் பரவும் வாட்ஸ்அப் செய்தி தவறானது. வளவு எனப்படும் உள்முற்றத்தின் தூண்களைப் பெயர்த்து விற்கத் தூண்டும் பொய் என்பதால், இதை உடனே மறுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டாக்ஹோமின் கேடிஎச் கல்வி நிறுவனத்தில் லார்ஸ் பெர்க்லுண்ட் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, எடை குறைந்த பால்சா மரத்தின் மெல்லிய தகடுகளைப் பற்றியது. ஒளியை உறிஞ்சும் லிக்னின் என்ற மரப்பொருளை அவற்றிலிருந்து நீக்கி, எஞ்சிய செல்லுலோஸ் கட்டமைப்பின் நுண்துளைகளில், ஏறத்தாழ அதே ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) கொண்ட அக்ரிலிக் பிளாஸ்டிக்கை நிரப்பியதால், சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமனில் 85 சதவீத ஒளி ஊடுருவியது. அப்போதும், சற்றுத் தள்ளியுள்ள பொருள் மங்கலாகவே தெரியும். அடர்த்தியும் எண்ணெய்ப் பசையும் மிக்க முழுத் தேக்குத் தூணுக்கு இம்முறை பொருந்தாது.