பைக்கின் முன் ஃபோர்க்கில் கூடுதல் ஆயில் ஊற்றலாமா?

"ஏற்காடு போகுமுன் ஃபோர்க்கில் 50 மில்லி ஆயில் கூட ஊற்றுங்க, வண்டி குலுங்காது" என்று சேலத்தில் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் யோசனை தவறு.

முன்சக்கரத்தைத் தாங்கி, குலுக்கலை வாங்கிக்கொள்ளும் இரு குழாய்கள்தான் ஃபோர்க்; உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கும். ஆயிலுக்கு மேலே உள்ள காற்றும் ஸ்பிரிங் போலத்தான் வேலை செய்கிறது. ஆயில் கூடினால் அந்த இடம் சுருங்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பிரேக் பிடித்து இறங்கும்போது உள்ளழுத்தம் எகிறி ஆயில் சீல் (ஆயிலை உள்ளேயே தடுத்து வைக்கும் ரப்பர் வளையம்) கசியும். கசிந்தது பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது, குலுக்கலே தேவலாம்!

பழையதை முழுக்க வடித்துவிட்டு, வண்டிக் கையேட்டில் உள்ள கிரேடு (கெட்டித்தன்மை எண், பெரும்பாலும் 10டபிள்யூ) ஃபோர்க் ஆயிலை இரு பக்கமும் ஒரே அளவாக, மில்லி குறித்த சிரிஞ்சால் ஊற்றுங்கள். காற்றுக்குமிழ் வெளியேற, ஃபோர்க்கை மெதுவாகப் பத்து முறை அமுக்கி விடுங்கள். ஆயில் மட்டத்தின் உயரத்தை அளப்பதானால் ஸ்பிரிங்கை எடுத்து, குழாயை முழுக்க அமுக்கிய பிறகே அளக்க வேண்டும். மிஞ்சிய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம்.