அது பனி இல்லை ஐயா, தரை!

"நிரந்தர உறைபனி உருகுகிறது" என்று காலையிலேயே ஒரு செய்தி. மேலே படம் என்ன தெரியுமா? மிதக்கும் பனிக்கட்டி மேல் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளைக் கரடி. எத்தனை வருஷமாக இதே கரடியைப் பார்ப்பது! அது நிற்பது உறைந்த கடல்நீர் மேல். செய்தி பேசுவதோ தரையைப் பற்றி. ஒருவர் எழுதி, ஒருவர் திருத்தி, ஒருவர் படம் வைத்திருக்கிறார். மூன்று பேரில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை?

முதலில் அந்தப் பெயரே எனக்கு ஆகாது. அதில் நிரந்தரமும் இல்லை, பனி மட்டுமே என்பதும் இல்லை. தொடர்ந்து இரண்டு வருஷமாவது 0 டிகிரிக்கு மேல் ஏறாத மண், பாறை, அவற்றுக்குள் மாட்டிக்கொண்ட பனி, இவ்வளவுதான் அதன் இலக்கணம். உறைநிலம் என்று சொன்னால் வாய் வலிக்குமா? உறைபனி, உறைபனி என்று சொல்லிச் சொல்லித்தான், கேட்கிறவர்களும் "உருகினால் தண்ணீர் ஓடிவிடும், அப்புறம் விவசாயம் பண்ணலாமே" என்கிறார்கள். நேற்று என்னிடமே ஒருவர் சொன்னார். அந்த மண்ணுக்குள் ஆப்பு ஆப்பாக இறங்கியிருக்கும் பனி கரைந்தால் மேலே இருப்பது ஒரே சீராகவா இறங்கும்? இங்கே ஒரு குழி, அங்கே ஒரு குட்டை, நடுவில் குடிகாரனைப் போலச் சாய்ந்த மரங்கள். இதில் ஏர் ஓட்டப் போகிறாராம்.

சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் 1828இல் ஷெர்கின் என்பவர் கிணறு தோண்ட ஆரம்பித்தார். 1837 வரை தோண்டினார். 116 மீட்டர் ஆழம் போயும் உறைந்த மண்தான், தண்ணீர் இல்லை. அந்த ஊரில் இன்றைக்கும் பெரிய கட்டடங்கள் காங்கிரீட் தூண்கள் மேல்தான் நிற்கின்றன. கட்டடத்துக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் சூடு மண்ணில் இறங்கக் கூடாது, குளிர்காலக் காற்று அடியில் புகுந்து மண்ணை மறுபடி இறுக்க வேண்டும். அதற்காகத்தான்.

யாருமே எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அந்த மண் உருகக்கூட வேண்டாம். மைனஸ் 5 டிகிரியில் இருந்தது மைனஸ் 1 ஆனாலே போதும், தூணைக் கவ்விப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்துவிடும். மண் இன்னும் உறைந்துதான் இருக்கும். ஆனால் சன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு கீறல் ஓடும், கதவு நிலையில் இடித்துக்கொண்டு சாத்தமாட்டேன் என்று நிற்கும். இதை எந்தக் கரடிப் படத்தில் காட்டுவீர்கள்?

2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரத்தில் ஒரு டீசல் தொட்டி உடைந்து 20,000 டன்னுக்கு மேல் கொட்டியது. ஆறு சிவப்பாக ஓடியது. தொட்டிக்குச் சொந்தக்கார நிறுவனம் உடனே, அடியில் மண் இளகிவிட்டது என்று மண்ணைக் கைகாட்டியது. உறைநிலத்தின் மேல் தொட்டி கட்டுகிறவருக்கு அது இளகும் என்று தெரியாதா? அலாஸ்காவில் 1977இல் முடித்த எண்ணெய்க் குழாயில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தூக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அதைத் தாங்கும் தூண்கள் பலவற்றுக்குள் அம்மோனியா அடைத்த குழாய்கள். குளிர்காலத்தில் அம்மோனியா மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே போகும், அங்கே குளிர்ந்து சொட்டாகி மறுபடி கீழே இறங்கும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். அப்போதே தெரிந்திருந்த சங்கதி இது!

அடுத்த கடுப்பு, "ஜாம்பி வைரஸ்": உறைநிலம் இளகினால் உள்ளே தூங்கும் பழைய வைரஸ் எழுந்து வந்து நம்மைத் தாக்குமாம். 2014இல் 30,000 வருஷத்து மண்ணிலிருந்து விஞ்ஞானிகள் எழுப்பிய வைரஸ் தொற்றுவது அமீபாவை. அமீபாவை! ஆனால் 2016இல் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில், இளகிய மண்ணிலிருந்து கிளம்பியதாகக் கருதப்படும் ஆந்த்ராக்ஸ் நோய் வந்து 2,000க்கு மேல் கலைமான்கள் செத்தன, 12 வயதுப் பையன் ஒருவனும் போனான். அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. அங்கே மான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007இலேயே நிறுத்தியிருந்தார்கள். இதில் ஜாம்பி இல்லை, அதனால் தலைப்பும் இல்லை.

"மீத்தேன் வெடிகுண்டு" என்று இன்னொரு கூத்து. ஆயிரக்கணக்கான வருஷமாக மக்காமல் கிடக்கும் செடி கொடிகள் அந்த மண்ணில் இருக்கின்றன. காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கார்பன். மண் இளகினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடாகவும் மீத்தேனாகவும் விடும். டமால் என்று வெடிக்காது ஐயா. பத்து வருஷம், ஐம்பது வருஷம், நூறு வருஷம் என்று கசிந்துகொண்டே இருக்கும். கசிவுக்கு யார் தலைப்புப் போடுவார்கள்!

சாயங்காலம் அந்தச் செய்தியை மறுபடி திறந்து பார்த்தேன். யாரோ புகார் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, கரடியை எடுத்துவிட்டார்கள். இப்போது பென்குயின் நிற்கிறது.