எழும்பூரில் இருப்பது வெறும் நகலா?

"சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருப்பதெல்லாம் நகல்தான், மூலங்களை வெள்ளைக்காரன் லண்டனுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கதை கிட்டத்தட்ட தலைகீழ்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனைக் குழு கூடும்போதெல்லாம் யார் யார் வந்தார்கள், எத்தனை கட்டு துணி வாங்கினார்கள், எந்த வியாபாரியோடு தகராறு என்று ஒரு புத்தகத்தில் எழுதி, அடியில் கையெழுத்துப் போடுவார்கள். அதைப் படியெடுத்துக் கப்பலில் லண்டன் இயக்குநர்களுக்கு அனுப்புவது கம்பெனியின் வழக்கம். அங்கே போனது படி. அலுவலகப் பதிவு இங்கேயே தங்கியது. 1670 முதலான பதிவுகள் எழும்பூரில் இருக்கின்றன. கோட்டை தொடங்கிய 1640-லிருந்து அதுவரையான பதிவுகள் பெரும்பாலும் இங்கே இல்லை என்பது சரி. அந்தக் காலத்துக்கு லண்டனுக்குப் போன கடிதங்களைத்தான் தேட வேண்டும். அவர் கேள்விப்பட்டது ஒருவேளை இதுவாக இருக்கலாம்.

இந்தக் காப்பகம் 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் ஆகி, 1973-இல் இன்றைய பெயர் பெற்றது. கொச்சியின் டச்சுக்காரர் பதிவுகளும் இங்கேதான்.

அப்புறம், ஓலைச்சுவடி தேடி எழும்பூர் போகாதீர்கள். அதற்குக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் தனியாக இருக்கிறது. எழும்பூரில் இந்தப் பழைய பதிவுகளோடு அரசாணை, வருவாய்த்துறைக் கோப்பு போன்றவைதான், அதிலும் பெரும்பகுதி ஆங்கிலம்.