கடலுக்கடியில் அருங்காட்சியகமாம், யார் பார்க்க?

கடலடி அருங்காட்சியகத் திட்டம் பற்றி ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் நடந்த கூட்டத்தில் நடந்ததுதான் வீடியோவாகச் சுற்றுகிறதே. ‘நீச்சல் தெரியாதவர்கள் எப்படிப் பார்ப்பது?’ என்று கேட்டேன், அவ்வளவுதான். அதற்கு அப்படியொரு சிரிப்பு! ‘முதல்ல நீச்சல் கத்துக்குங்க சார்.’ ஐம்பத்தெட்டு வயதில், மூட்டுவலியோடு. சரி, கத்துக்கிறேன்.

மகாராஷ்டிரக் கடற்கரையில், சிந்துதுர்க்கில் நிவதி பாறைப் பக்கம் ஐ.என்.எஸ். குல்தார் என்ற பழைய கடற்படைக் கப்பலை மூழ்கடித்து அருங்காட்சியகம் ஆக்கும் திட்டத்தை நான் எதிர்க்கவே இல்லை. பவளம் வளரும், மீன் சேரும், நல்லதுதான். ஆனால் அரசுப் பணத்தில் செய்வதைச் சாதாரண சனம் பார்க்க வேண்டாமா? அன்றைக்கும் இதைத்தான் கேட்டேன், இன்றைக்கும் இதைத்தான் கேட்கிறேன்.

கிரேக்கத்தில் அலோனிசோஸ் தீவை ஒட்டி 2020-இல் இப்படி ஒன்றைத் திறந்தார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் முழுகிப்போன சரக்குக் கப்பல், குவியல் குவியலாக ஒயின் சாடிகள். முக்குளிக்கத் தெரியாதவர்களுக்காகக் கரையிலேயே தகவல் மையம் வைத்து, மெய்நிகர் காட்சியாகக் காட்டுகிறார்கள். அங்கே என் கேள்விக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

‘நீர்மூழ்கி சவாரியும் வரப்போகுதே’ என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி. வரட்டும். தாராவியிலிருந்து ஒரு குடும்பம் கொங்கண் போய்வர, சவாரி டிக்கெட்டும் சேர்த்து என்ன ஆகும்? கணக்குப் போட்டுவிட்டு வாங்க.

அப்பா இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அருங்காட்சியகமாக நின்ற காலத்தில் கூட்டிப்போனேன். ‘71 சண்டையில நின்ன கப்பல்டா’ என்று மேல்தளத்தையே சுற்றிச் சுற்றி வந்தார், இறக்கிக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 2012-இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். 2014-இல் ஏலம், கப்பல் உடைக்கும் தாருகானாவில் உடைத்துப் பழைய இரும்பு. அந்த இரும்பைக் கலந்து பைக்கும் விற்றார்கள், அதையும் பெருமை என்றார்கள். கரையில் நின்றதையே காப்பாற்றாத நாம், கடலுக்கடியில் காப்பாற்றப் போகிறோமாம்.

நாம் மறந்த கப்பல் இதே மும்பைத் துறைமுகத்தில் இன்னொன்றும் உண்டு. 1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. பஞ்சு, வெடிமருந்து, தங்கக்கட்டி எல்லாம் ஒரே கப்பலில். செத்தவர்களில் நம் ஊர்க் கூலிகளும் உண்டு என்பார் தாத்தா. நாம் புத்தாண்டு வாழ்த்து அனுப்பும் அதே தேதியில் தீயணைப்பு வாரம் ஏன் தொடங்குகிறது என்று அன்றைய மேடையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘எதிலும் குறை சொல்றவன்’ என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அன்றைக்குக் கேள்வி கேட்பதற்கு முன்னால் ‘தாராவியிலிருந்து வர்றேன்’ என்று சொல்லாமல் இருந்திருந்தால், அவ்வளவு சத்தமாகச் சிரித்திருப்பீர்களா?